போகணுமா, போகணும்னு இருக்கா?

கெடிலக்கரை:

முகூர்த்த நாள்ல கடலூர் பக்கத்துல இருக்கிற திருவந்திபுரம் போனவங்களுக்குத் தெரியும். தேவநாத சாமி கோயில், எதிரே ஔஷதகிரி, படிக்கட்டு முழுக்க மாலையும் கழுத்துமா ஜோடிங்க. ஒரே காலையில நூறு கல்யாணத்தைத் தாண்டுற நாளெல்லாம் உண்டு. எந்தத் தவில் எந்தத் தாலிக்குன்னு புரியாது.

போன ஆவணியில ஒரே முகூர்த்தத்துக்கு எனக்கு மூணு பத்திரிகை. ரெண்டை முடிச்சாச்சு. மூணாவது, எங்க அப்பாவோட சைக்கிள் கடைக் கூட்டாளியின் பேரன். மண்டபத்துல நுழைஞ்சு மொய் மேசையில பணத்தை நீட்டினேன். “ஊரு?” “மஞ்சக்குப்பம்.” எழுதிக்கிட்டார். மேடையேறிக் கை குலுக்கி, போட்டோவுக்கு நின்னு, பந்தியில ரெண்டாவது தடவை ரசம் வாங்கும்போதுதான் எதிர்ச் சுவத்துல இருந்த பேனரைப் படிச்சேன். மாப்பிள்ளை பேரும் வேற, பொண்ணு பேரும் வேற. நான் போகவேண்டிய கல்யாணம் அடுத்த தெரு மண்டபத்துல.

யாரோ ஒரு தம்பதியோட ஆல்பத்துல இப்போ நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். 501 ரூபாயைத் திருப்பிக் கேக்க வெக்கம். சாப்பாடும் நல்லாவே இருந்துச்சு. அந்த வெயில்ல இன்னொரு மண்டபம் ஏறத் தெம்பில்லாம வீட்டுக்கு வந்துட்டேன். “ஏம்ப்பா வரல”ன்னு கேப்பாங்களேன்னு ரெண்டு மாசம் வயித்துல புளி. யாரும் கேக்கல. தீபாவளிக்கு முன்னாடி கடைத்தெருவுல அந்தப் பெரியவரே எதிர்ல வந்தார். “கல்யாணத்துல பாத்தேனே, சாப்டியாப்பா?”ன்னார். சாப்பிட்டேன்னு சொன்னேன். பொய் இல்லையே.

எங்க வீட்டு மொய் நோட்டு 2003-ல என் கல்யாணத்துக்கு அப்பா எழுதினது. நாலு மூலையிலயும் மஞ்சள், முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி, அப்புறம் ஊர்வாரியா பேரு: வண்டிப்பாளையம், நெல்லிக்குப்பம், குள்ளஞ்சாவடி. திருப்பி வெச்ச பேருக்கு நேரே அப்பா பென்சில்ல ஒரு டிக் போடுவார். அவர் போனப்புறம் நான் பேனாவுல போட்டேன். அன்னைக்கு ராத்திரி புரட்டிப் பாத்தா டிக் விழாத பேரே இல்ல. சில பேருக்கு மூணு டிக். கடன் அடைஞ்சு வருஷக்கணக்காச்சு, நான்தான் இன்னும் வாரம் தவறாம வேட்டியைத் தேச்சுக்கிட்டு இருக்கேன்.

அப்புறம் தை அஞ்சு. பெண்ணையாத்துத் திருவிழா. அன்னைக்கே நெய்வேலியில ஒரு ரிசப்ஷன். “சாயங்காலம் நெய்வேலி போகணும்”னேன். அடுப்படியிலேர்ந்து என் மனைவி கேட்டா: “போகணுமா, போகணும்னு இருக்கா?”

நம்ம பேச்சுல ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான் பாருங்க. பல்லைப் பிடுங்கப் போகணும், பீச்சுக்குப் போகணும். ரெண்டுலயும் அதே ‘ணும்’. இருபது வருஷமா எது எந்த ‘ணும்’னு நான் பிரிச்சே பாக்கல.

ஆல்பேட்டை ஆத்தங்கரைக்குப் போனோம். எட்டாவது படிக்கும்போது கடைசியா வந்தது. சுத்துப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு டிராக்டர்ல வந்து இறங்குது. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு மணல்ல நடந்தோம். சாக்கை விரிச்சு சிறுவள்ளிக்கிழங்கைக் குவிச்சு வெச்சிருந்தாங்க, மண்ணு கூட உதிரல. ரெண்டு கிலோ வாங்கி, வந்த உடனே அவிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள தோலை உரிச்சு விரலைச் சுட்டுக்கிட்டேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க.

முத்தியால்பேட்டைக்காரி:

எங்க வீட்டு ‘ணும்’ பாஸ்போர்ட்டுல இருந்துச்சு. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். 1962-ல புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாகிட்ட ஒப்படைச்ச ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ, ஆறு மாசக் கெடுவுக்குள்ள எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வெச்சுக்கிட்டவர். அது அப்பாவுக்கு வந்து, எனக்கும் வந்துச்சு. புதுச்சேரியில ‘நேஷனாலிட்டி இருக்கிற பொண்ணு’ன்னா என்ன மவுசுன்னு சொல்லத் தேவையில்ல. அத்தை பையனை நான் கட்டிக்கிட்டா அவனும் அந்தப் பக்கம் போயிடலாம், அந்தக் குடும்பமே கரையேறிடும். நான் வயசுக்கு வந்த அன்னைக்கே பேசி முடிச்சதாம். அம்மா இல்லாத என்னை வளர்த்தது அந்த அத்தைதான்.

தைரியமா எதிர்த்தேன்னு நெனைச்சுக்காதீங்க. முகூர்த்தப் புடவை எடுத்து, பில்லு போடுற இடத்துல நிக்கும்போது அழுகை வந்துடுச்சு, நிக்கவே இல்ல. அவ்வளவுதான் நடந்தது. இப்போ வீட்டு வாசல்ல தையல் கடை வெச்சிருக்கேன். பிளவுஸ் கழுத்து வெட்டுறப்போ எனக்கு இருக்கிற சந்தோஷம் வேற எதுலயும் இல்ல.

ஆனா உங்களை மாதிரி ‘யாருமே கவனிக்கல’ன்னு என்னால எழுத முடியாது. அத்தை கவனிச்சாங்க. பதினோரு வருஷமா பேச்சு இல்ல. பொங்கலுக்கு மட்டும் யார்கிட்டயாவது ஒரு கட்டு கரும்பு கொடுத்தனுப்புவாங்க.

பலாக்கொட்டை:

அண்ணே, நான் பண்ருட்டிப் பக்கம். மொய்யைக் கேலி பண்ணிட்டீங்க, அதான் எழுதுறேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். விடிஞ்சு பாத்தா முந்திரித் தோப்பு மொத்தமும் தரையில, பலா வேரோட சாஞ்சு கிடக்கு. அந்தத் தையில தங்கச்சிக்கு நாள் குறிச்சாச்சு. முந்திரி மறுபடி நட்டா காய்ப்பைப் பாக்கவே மூணு நாலு வருஷம். கல்யாணம் மொய்ப் பணத்துலதான் நடந்துச்சு. கூரை பறந்த வீட்டுக்காரங்களும் வந்து வெச்சாங்க. அதுல வேண்டாவெறுப்பா வந்தவங்களும் இருந்திருப்பாங்க. சமையல்காரருக்கு அந்த 100 ரூபாயும் 100 ரூபாதான்.

எங்க நோட்டுல இருக்கிறவங்க வீட்டு விசேஷம்னா எனக்குப் போகணும்னுதான் இருக்கு.

கெடிலக்கரை:

தம்பி, வாயடைச்சுப் போச்சு. நேத்து நோட்டை மறுபடி எடுத்தேன். மொத்தம் 412 பேரு. சும்மா ஒரு பென்சிலை வெச்சுக்கிட்டு, யார் வீட்டுக்குப் போகணும்னு இருக்குன்னு குறிச்சேன். 37 பேரு தேறினாங்க. அதுல அந்தச் சைக்கிள் கடைப் பெரியவரும் உண்டு, சின்ன வயசுல எனக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தது அவர்தான். ஞாயித்துக்கிழமை நேர்லயே போய் 501 ரூபாயைக் கொடுத்து, யார் வீட்டுப் பந்தியில நான் ரசம் குடிச்சேன்னு சொல்லிட்டு வரணும்.

எந்த ‘ணும்’னு வீட்ல கேட்டாச்சு.