கணவருக்கு ரிடண்டன்சி (ஆட்குறைப்பு) கொடுத்துவிட்டார்கள்: கடைசிக் கொடுப்பனவும் அரச உதவிகளும் குறித்து விளக்கம் தேவை

கேட்டவர்: மேற்கு லண்டன் அம்மா

வணக்கம். என் கணவர் இங்கே உணவுப்பொருட்களைப் பொதிசெய்யும் ஒரு வெயர்ஹவுஸில் 2013 நவம்பர் 18ஆம் திகதி நிரந்தர ஊழியராகச் சேர்ந்தவர். அவருக்கு இப்போது வயது 46. வாரச் சம்பளம், வரி கழிப்பதற்கு முன், 640 பவுண்ட். இரவு வேலைப் பிரிவை மூடுகிறோம் என்று சொல்லி 2025 செப்டெம்பர் 30ஆம் திகதி கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, அன்றோடு வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள்.

கடிதத்தில் "விலகல் கொடுப்பனவு 9,600 பவுண்ட்" என்று ஒரே தொகைதான் இருக்கிறது. மேலாளரிடம் கேட்டதற்கு, வருடத்துக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் 11 வாரச் சம்பளமும், ஒப்பந்தத்தில் உள்ள 4 வார நோட்டீஸ் (முன்னறிவிப்புக் காலம்) பணமும் அதில் அடக்கம் என்றாராம். எடுக்காமல் விட்ட விடுமுறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு பிரதிகளிலும் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைத் திருப்பித் தர வேண்டுமாம்.

நான் பாடசாலைச் சமையலறையில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, சேமிப்பு 5,200 பவுண்ட். இந்தத் தொகை சரிதானா என்பதையும், நான் வேலை செய்யும்போது அவருக்கு ஏதாவது உதவித்தொகை கிடைக்குமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். காசு வந்ததும் மச்சானுடைய கணக்கில் போட்டுவைத்தால் பெனிஃபிட் வெட்டப்படாது என்று மாமி சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பதில்: பழைய தொழிற்சங்கக்காரன்

சகோதரி, அந்தக் கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். பணம் கிடைத்ததற்கான சாதாரணப் பற்றுச்சீட்டில் ஒப்பமிடுவதால் சட்டம் தரும் உரிமைகள் போய்விடாது. உரிமை கோருவதில்லை என்று முறைப்படி விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை செல்லுபடியாக வேண்டுமானால், ஊழியர் பொதுவாகச் சுயாதீனமான சட்ட ஆலோசனை பெற்றிருக்க வேண்டும். ஆனாலும் கணக்கே பிழையாக இருக்கும் தாளில் ஏன் ஒப்பமிட வேண்டும்?

இந்தக் கணக்கில் மூன்று பிழைகள் இருக்கின்றன. நோட்டீஸில் தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றது அதில்தான் தொங்குகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு முழு ஆண்டு ஒன்றுக்கு ஒரு வாரம் என்ற கணக்கில், அதிகபட்சம் 12 வாரம் வரை, சட்டப்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 4 வாரம் என்று எழுதியிருந்தாலும் சட்டம் சொல்லும் 11 வாரத்தை அது குறைக்காது. ஆகவே நோட்டீஸுக்குப் பதிலான பணம் 11 வாரத்துக்கு 7,040 பவுண்ட்.

அடுத்தது ஆட்குறைப்பு இழப்பீடு. வருடத்துக்கு ஒரு வாரம் என்பது 22 வயது முதல் 40 வயது வரை செய்த வேலைக்குத்தான். 41 வயதுக்குப் பின் செய்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் ஒன்றரை வாரம். அதைவிட முக்கியமான ஒன்றைப் பல நிறுவனங்கள் தெரியாமலோ தெரிந்தோ விட்டுவிடுகின்றன: சட்டப்படியான நோட்டீஸ் கொடுக்காமல் அன்றைக்கே அனுப்பிவிட்டால், இந்த இழப்பீட்டைக் கணிக்கும்போது அந்த நோட்டீஸ் முடிந்திருக்க வேண்டிய நாள் வரை சேவைக்காலம் நீண்டதாகவே கொள்ள வேண்டும். செப்டெம்பர் 30இலிருந்து 11 வாரம் என்றால் டிசம்பர் 16. நவம்பர் 18ஆம் திகதி அதற்குள் வந்துவிடுவதால் உங்கள் கணவருக்கு 11 அல்ல, 12 முழு ஆண்டுகள்! டிசம்பர் 16இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 41 வயதுக்குப் பிந்திய முழு ஆண்டுகள் 5, அதற்கு ஏழரை வாரம்; மிகுதி 7 ஆண்டுகளுக்கு 7 வாரம்; மொத்தம் பதினாலரை வாரம், அதாவது 9,280 பவுண்ட். (அதற்கு முன் அவருக்கு 47 வயது ஆகிவிடாது என்று எடுத்துக்கொண்டே கணக்கிட்டேன்.) 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்கு வாரச் சம்பளத்தின் உச்சவரம்பு 719 பவுண்ட்; 640 அதற்குள்தான் இருக்கிறது.

பதில்: சம்பளப் பிரிவில் இருப்பவள்

மேலே சொன்னதற்கு விடுமுறையையும் வரியையும் சேர்க்கிறேன், நாளாந்தம் நான் செய்யும் வேலை இதுதான்.

உங்கள் கணவரின் விடுமுறை ஆண்டு ஜனவரியில் தொடங்குவதாகவும், ஐந்து நாள் வேலை வாரத்துக்கு வருடத்தில் 28 நாள் என்ற சட்டக் குறைந்தபட்சமே அவருக்கு இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், செப்டெம்பர் முடிவுக்கு 21 நாள் சேர்ந்திருக்கும். அதில் அவர் எடுத்ததைக் கழித்து மீதி நாட்களுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளுக்கு 128 பவுண்ட். எடுத்த நாட்களில் வங்கி விடுமுறைகளையும் (பொது விடுமுறை நாட்கள்) எண்ண மறக்க வேண்டாம். ஒழுங்காக ஓவர்டைம் செய்துவந்தவர் என்றால், விடுமுறைச் சம்பளத்தில் அதுவும் பிரதிபலிக்க வேண்டும்.

ஒரே தொகையாக எழுதாமல் பிரித்துத் தரும்படி கேளுங்கள். ஆட்குறைப்பு இழப்பீட்டில் முதல் 30,000 பவுண்டுக்கு வருமான வரி இல்லை. நோட்டீஸ் பணத்துக்கும் விடுமுறைச் சம்பளத்துக்கும் வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் (சம்பளத்தில் பிடிக்கும் சமூகக் காப்புறுதிப் பணம்) உண்டு. மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் வரி தேவையில்லாத பணத்திலும் வரி பிடிபடலாம். வேலை முடியும்போது சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டித் தரும் பி45 படிவத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பதில்: ஹரோ அண்ணன்

தங்கச்சி, மாமியின் யோசனையை அப்படியே விட்டுவிடுங்கள். பெனிஃபிட் எடுப்பதற்காகக் காசை வேறொருவர் பெயருக்கு மாற்றினால், அந்தக் காசு இன்னும் உங்களிடமே இருப்பதாகக் கணக்கில் எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிச் செய்து, பிறகு வங்கி அறிக்கைகளோடு விளக்கம் சொல்லப் போய் மாதக்கணக்காக அலைந்தார். மாறாக, இருக்கும் கடனை அடைப்பதும் குடும்பத்துக்கு நியாயமாகத் தேவையான பொருள் வாங்குவதும் குற்றமல்ல. பற்றுச்சீட்டுகளை மட்டும் வைத்திருங்கள். உங்கள் தாலிக்கொடியும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நகைகளும் சொந்த உடைமைகள். அவற்றைச் சேமிப்பாக எண்ணுவதில்லை. அதற்காக இப்போது போய் நகை வாங்க வேண்டாம்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்குத் தம்பதியர் இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் சம்பளமும் இருவரின் சேமிப்பும் பார்க்கப்படும். சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் ஒன்றும் கிடையாது; 6,000க்கும் 16,000க்கும் இடையில் என்றால் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்ட் வருமானம் இருப்பதாகக் கொண்டு குறைப்பார்கள். உங்கள் 5,200உம் இந்தக் காசும் சேர்ந்தால் முதல் சில மாதங்களுக்கு 16,000ஐத் தாண்டும். வாடகையும் சாப்பாடும் அதைக் கீழே கொண்டுவரும்போது விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த பிறகு முதல் பணம் வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அவருக்குத் தனியாக உரியது நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ், அதாவது வேலை தேடுவோருக்கான உதவித்தொகை. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் போதிய நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியிருந்தால், உங்கள் சம்பளத்தையோ வீட்டுச் சேமிப்பையோ பாராமல், வாரம் 92.05 பவுண்ட் (2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டின் தொகை), 182 நாள் வரை கொடுப்பார்கள். இழப்பீட்டுப் பணம் இதைக் குறைக்காது. ஆனால் நோட்டீஸ் பணம் எத்தனை வாரத்துக்குக் கிடைத்ததோ அந்தக் காலம் முடிந்த பிறகே பொதுவாகத் தொடங்கும். கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வரி) குறைப்பு இவற்றில் சேராது; அதை உங்கள் கவுன்சிலிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

பதில்: பழைய தொழிற்சங்கக்காரன்

கால எல்லையைச் சொல்ல மறந்துவிட்டேன். நோட்டீஸ் பணத்துக்கும் விடுமுறைச் சம்பளத்துக்கும் வேலை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் போவதென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் அவகாசம். அதற்குள் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஏகாஸ் (Acas) அமைப்பிடம் சமரசத்துக்குப் பதிந்துவிட வேண்டும். இழப்பீட்டுக்கு ஆறு மாதம். முதலில் மின்னஞ்சலில் கணக்கைப் பிரித்து எழுதி அனுப்புங்கள்; தொலைபேசியில் பேசினால் எழுத்தில் ஒன்றும் மிஞ்சாது.

மேற்கு லண்டன் அம்மா

எல்லோருக்கும் நன்றி. அவருக்கு வருகிற மார்ச் மாதத்தில்தான் 47 வயதாகிறது. நீங்கள் சொன்னபடியே எழுதி அனுப்பினோம். ஒன்பது நாளில் பதில் வந்தது. 9,280ஐயும் 7,040ஐயும் ஒத்துக்கொண்டார்கள். விடுமுறையில்தான் இழுபறி: அவர் 15 நாள் எடுத்துவிட்டார், மீதி 6 என்றார்கள். எங்கள் சமையலறையில் தமிழ்க் கடையில் கொடுத்த நாட்காட்டி தொங்குகிறது. அவர் லீவு எடுக்கும் நாட்களை நான் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவது வழக்கம். வங்கி விடுமுறைகளோடு சேர்த்து எண்ணினால் 12 வட்டங்கள்தான் இருந்தன. மே மாதத்தில் அவர்கள் குறித்திருந்த மூன்று நாளும் அவர் வேலைக்குப் போயிருந்தார், அந்த வாரச் சம்பளச் சீட்டில் இரவு நேரமும் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் படமெடுத்து அனுப்பினேன். நேற்று 9 நாளுக்கு 1,152 பவுண்ட் என்று திருத்திய தாள் வந்தது. மூன்று தொகைகளும் தனித்தனி வரிகளில், கீழே மொத்தம் 17,472.