சின்சின்வார் ஜாட்கள்: பரத்பூர் பக்கம் இருந்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ராஜஸ்தானில் பரத்பூரை அடுத்த டீக், கும்ஹேர் பக்கம் கடுகு வயல்களுக்கு வேலையாகப் போய்வந்த காலத்தில் நான் பழகியவர்களில் பாதிப்பேர் சின்சின்வார்கள். ஜாட் என்ற வட இந்திய விவசாயச் சமூகத்தில் ஒரு குலம் இது, பரத்பூர் ராஜாக்களின் குலம். சின்சினி என்ற ஊர்தான் பூர்வீகம், குலப்பெயரும் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். அதுவரைக்கும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். அதற்கு முன்னால் யார் என்று கேட்டால்தான் பேச்சு இரண்டாகப் பிரியும்.

ஒரு பெரியவர் ஹூக்கா பிடித்தபடி சொன்ன கதை இது. பால்சந்த் என்று ஒரு ஜாதோன் ராஜபுத்திரர். கட்டிய மனைவிக்குப் பிள்ளையில்லை. ஒரு ஜாட் பெண்ணிடம் அவருக்குப் பிறந்த மகன்களை ராஜபுத்திரர்கள் தங்களோடு சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால் அவர்கள் ஊர்ப்பெயரையே குலப்பெயராக்கி ஜாட்களாகிவிட்டார்கள். பெரியவர் முடிக்கும் முன்பே அவருடைய அண்ணன் மகன் எழுந்துவிட்டான். "நாங்கள் நேராகக் கிருஷ்ணனின் யது வம்சம், யாரும் எங்களைக் கீழே இறக்கவில்லை" என்றான். அவன் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது. அந்தக் கதையில் பெருமையெல்லாம் ராஜபுத்திர அப்பாவுக்குத்தான், ஜாட் அம்மாவுக்குப் பெரியவர் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. கணவனை இழந்த பெண்ணைக் கொழுந்தனுக்கு மணம்செய்து வைக்கும் கரேவா வழக்கம் ஜாட்களிடம் உண்டு, அதைக் காட்டியே ராஜபுத்திரர்கள் அவர்களைத் தாழ்வாகப் பேசியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், விதவைக்கு மறுமணம் செய்து வைத்த சமூகம் அதற்காகத் தலைகுனிய வேண்டியதே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டார்களா என்பது வேறு விஷயம், அதையும் கேட்கத்தான் வேண்டும்.

குலம் என்றால் ஒற்றுமை என்று நினைக்காதீர்கள். முகலாயர்களை எதிர்த்த சின்சின்வார் தலைவர் ராஜாராம் 1688-ல் கொல்லப்பட்டார், அப்புறம் அதே குலத்துச் சூராமன் தலையெடுத்தார். சூராமனின் சகோதரர் மகன் பதன் சிங்கோ, 1722-ல், பின்னாளில் ஜெய்ப்பூரைக் கட்டிய ராஜா ஜெய்சிங்கின் படையோடு சேர்ந்து, தூண் என்ற ஊரிலிருந்த சூராமன் மகனின் கோட்டையைப் பிடிக்க உதவினார். பரத்பூர் அரசு அந்தப் பங்காளிச் சண்டையில் பிறந்தது. பரத்பூரின் லோஹாகட் கோட்டை இருக்கும் இடமும் சோகரியா என்ற இன்னொரு ஜாட் குலத்திடமிருந்து பதன் சிங்குக்கு அடுத்த ராஜா சூரஜ்மல் பிடுங்கியதுதான்.

*

அண்ணா, நான் தில்லியில் விடுதியில் இருந்தபோது அறைத்தோழி கும்ஹேர் பக்கத்துப் பெண், சின்சின்வார்தான். ஆனால் அவள் வீடு சாதாரண விவசாயக் குடும்பம். பதன் சிங்கின் மகன்கள் வழிவந்த வீடுகளைப் பதினாறு கோட்டரி தாக்கூர்கள் என்பார்களாம். அந்த வீட்டு ஆள் வந்தால் கயிற்றுக்கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் அவருக்கு, கால்மாட்டில் அவள் அப்பா. ஒரே குலம், ஒரே மூதாதை. கல்யாணத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே சட்டம்: சின்சின்வார் சின்சின்வாரைக் கட்டக்கூடாது, அம்மாவின் கோத்திரமும் கூடாது, அவர்கள் வீட்டில் பாட்டியின் கோத்திரத்தையும் பார்த்தார்கள். இத்தனைக்கும் 1955 இந்து திருமணச் சட்டத்தில் ஒரே கோத்திரத்துக்குத் தடை கிடையாது.

அவள் ஊருக்கு நான் போனபோது வயலில் வேலை செய்த ஜாதவ் என்ற தலித் சமூகத்து மக்கள் யாரும் கட்டிலில் உட்காரவில்லை, தரையில்தான் உட்கார்ந்தார்கள். தலைமாடு கால்மாடு பேச்செல்லாம் கட்டிலில் உட்கார முடிந்தவர்களுக்குத்தான். கும்ஹேரில் 1992 ஜூனில் ஜாதவ் மக்கள் 16 பேர் கொல்லப்பட்டார்கள். தீர்ப்பு 2023-ல்தான் வந்தது, 9 பேருக்கு ஆயுள் தண்டனை. அந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் கோட்டையோடு நிறுத்திக்கொள்ளாமல் இதையும் எழுதுங்கள்.

*

இட ஒதுக்கீட்டையும் சேர்த்துச் சொல்கிறேன், நான் அங்கே இருந்தபோது டீக்கடையில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. 1999-ல் ராஜஸ்தான் ஜாட்களை மத்திய பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தபோது பரத்பூர், தோல்பூர் இரண்டு மாவட்டங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். இரண்டும் ஜாட் மன்னர்கள் ஆண்ட இடங்கள். 2014-ல் சேர்த்தார்கள், மறுவருடமே உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துசெய்தது. 2017-ல் மாநிலப் பட்டியலில் இடம் கிடைத்தது. மத்தியப் பட்டியலுக்காக 2024 ஜனவரியில் ஜெய்சோலியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போராடினார்கள்.

மூன்று பிகா (அந்தப் பக்கத்து நில அளவு) நிலம் மட்டும் வைத்திருந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "ராஜா ஆண்டார், நான் எதை ஆண்டேன்?" வீட்டுச் சுவரில் சூரஜ்மல் படம் மாட்டியிருந்தவர்தான் அவரும். அவர் கேட்டது சரிதான் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பரம்பரைப் பெருமையை வைத்து இன்றைய குடும்பத்தின் நிலையை அளக்க முடியாது. ஆனால் மேலே தங்கை எழுதிய ஜாதவ் குடும்பங்களோடு ஒப்பிட்டால் அவர் கையில் நிலமாவது இருந்தது.

தோல்பூர் ராஜாக்கள் பம்ரௌலியா என்ற இன்னொரு ஜாட் குலம். அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் இருந்தால் அங்கே எப்படி என்று எழுதுங்கள்.