குடித்து ஓடிப் பிடிபட்டவன் இன்சூரன்ஸ் படிவத்தில் என்ன எழுதுவது?

பட்டாக்காரன்:
வணக்கம் உறவுகளே. நான் மாங்குளத்துப் பக்கம். ஒரு பட்டா (சின்ன லொறி) வைத்து நெல், உழுந்து, சில நேரம் கலியாண வீட்டுக் கதிரை பந்தல் என்று ஹயர் ஓடுகிறேன். நான்கு மாதங்களுக்கு முன்னர் ஒரு எட்டுச் செலவு (செத்தவருக்கு எட்டாம் நாள் செய்வது) வீட்டில் கொஞ்சம் எடுத்துவிட்டு ஏ9இல் ஏறினேன். முறிகண்டி வருவதற்கு முன்பே பொலிஸ் மறித்தது. ஊதச் சொன்னார்கள், ஊதினேன். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 25,000 ரூபா தண்டம், ஆறு மாதத்துக்கு லைசன்ஸ் இடைநிறுத்தம். நல்ல காலம், யாருக்கும் அடிபடவில்லை. இப்போது மச்சான்தான் வாகனம் ஓடுகிறான்.

பிரச்சினை இதுதான். அடுத்த மாதம் இன்சூரன்ஸ் முடிகிறது. லீசிங்கில் எடுத்த வாகனம், அதனால் அடிபட்ட மற்றவருக்கு மட்டும் காசு வரும் தேர்ட் பார்ட்டி போட்டுச் சமாளிக்க ஏலாது, என் வாகனத்துக்கும் வரும் ஃபுல்தான் வேண்டும். இந்த முறை வேறு கொம்பனிக்கு மாறலாம் என்று படிவம் எடுத்தேன். அதில் ஒரு கேள்வி: வாகனக் குற்றம் எதற்காவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? ஏஜன்ட் "இல்லை" போடு என்கிறார். மனுசி "ஆம்" போடச் சொல்கிறாள். இரண்டு நாளாக வீட்டில் இதுதான் சண்டை. உங்கள் கருத்து என்ன?

ஏஜன்ட் அண்ணை:
தம்பி, நானும் உமது ஏஜன்ட் மாதிரி இந்தத் தொழிலில் பதினொரு வருடம் இருந்தவன். நேரே சொல்கிறேன். இங்கே பிரீமியம் போடுவது வாகனத்தின் பெறுமதிக்கும் வயதுக்கும். சொந்தப் பாவனையா ஹயரா என்று பார்ப்பார்கள், நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குத் தரும் கழிவு) எவ்வளவு என்று பார்ப்பார்கள். நீர் எந்த எட்டுச் செலவில் எத்தனை கிளாஸ் எடுத்தீர் என்று நீதிமன்றப் புத்தகத்தைத் தூக்கிப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். "ஆம்" போட்டால் கோப்பு கொழும்புக்குப் போகும், அங்கே இரண்டு கிழமை கிடக்கும். அதற்குள் பழைய இன்சூரன்ஸ் முடிந்துவிடும். இன்சூரன்ஸ் அட்டை இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரமும் புதுப்பிக்க முடியாது. வாகனம் முற்றத்தில் நிற்க, லீசிங்காரன் மட்டும் மாதாமாதம் தவறாமல் வருவான். "இல்லை" போட்டுவிட்டு வேலையைப் பாரும்.

கனகராயன்:
ஏஜன்ட் அண்ணை சொல்வதில் பாதி சரி. பார்க்க வரமாட்டார்கள்தான், காசு வாங்கும் நாளில். காசு கொடுக்க வேண்டிய நாளில் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சின்னக் கீறல் என்றால் ஸ்பொட்டுக்கு ஆள் வந்து நாலு படம் எடுத்துக்கொண்டு போய்விடும். பெரிய அடி என்றால் பொலிஸ் முறைப்பாடு, லைசன்ஸ் பிரதி, பழைய வழக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்போது நீர் கையெழுத்து வைத்த அந்த "இல்லை" மேசையில் கிடக்கும்.

காப்புறுதி என்பது சாதாரண விற்பனை ஒப்பந்தம் இல்லை. பழைய ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த விதி: இரண்டு தரப்பும் ஒன்றையும் ஒளிக்கக் கூடாது. உமக்கு மட்டும் தெரிந்த, அவர்களுடைய முடிவை மாற்றக்கூடிய விடயத்தை நீரேதான் சொல்ல வேண்டும். இங்கே கேள்வி கேட்டே இருக்கிறார்கள். பொய் எழுதினால் ஒப்பந்தமே செல்லாது என்று கைகழுவ அது போதும். கட்டிய பிரீமியம் தண்ணீரில் போட்ட மாதிரி.

லூயிஷம் பெடியன்:
நான் முள்ளியவளை, இப்போது தென்கிழக்கு லண்டன். எனக்கும் இது நடந்தது, அதனால் எழுதுகிறேன். இரவு ஒரு சாமத்திய வீட்டில் குடித்தேன். வந்து படுத்தேன், காலை ஆறரைக்கு எழும்பி வேலைக்குக் கார் எடுத்தேன். வெறி முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வீதியில் மறித்து ஊத வைத்தபோது வரம்பைத் தாண்டியிருந்தது. படுத்து எழும்பினால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் கவனியுங்கள்.

இங்கே குறைந்தது 12 மாதம் தடை. நீதிமன்றம் ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னது, அதை முடித்ததால் கால்வாசி குறைந்தது, ஒன்பது மாதம். ஆனால் லைசன்ஸில் டி.ஆர்.10 என்று ஒரு குறியீடு ஏறும், அது 11 வருடம் அங்கேயே இருக்கும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஐந்து வருடத்துக்குச் சொல்லியாக வேண்டும். இங்கே ஒளிக்கவும் ஏலாது, லைசன்ஸ் இலக்கத்தைப் போட்டால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பழைய கொம்பனி எடுக்கவே மாட்டேன் என்றது. தண்டனை பெற்றவர்களுக்கென்று பார்க்கிற தரகர் ஒருவர் மூலம் எடுத்தேன், முன்பு கட்டியதுபோல மூன்று மடங்கு. கட்டினேன். வேறு வழி?

அப்புறம் ஒரு வேடிக்கை. மனைவியின் பெயரில் எடுத்து என்னை இரண்டாவது சாரதியாகப் போட்டால் குறையுமே என்று கேட்டேன். உண்மையில் அதிகம் ஓடுவது நானாக இருந்துகொண்டு அவளைக் காட்டினால் அது மோசடி, அதற்கு இங்கே தனிப் பெயரே இருக்கிறது என்றார் தரகர்.

பட்டாக்காரன்:
ஐயோ அண்ணா, எங்கள் ஏஜன்ட் அதையும் சொன்னார்! வாகனத்தை மனுசியின் பெயருக்கு மாற்று, அவள் மீது வழக்கு ஒன்றும் இல்லைத்தானே என்று.

கனகராயன்:
லீசிங் முடியாமல் எப்படி மாற்றுவீர்? வாகனப் பதிவுப் புத்தகத்தில் அவர்கள்தான் அறுதி உரிமையாளர். அந்த ஏஜன்ட் உம்மை எங்கே கூட்டிக்கொண்டு போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

கட்டாக்காலி:
எல்லோரும் இவருக்கு வழி தேடிக் கொடுக்கிறீர்கள், நல்லது. நான் கேட்கிறேன், குடித்துப் பிடிபட்டவனுக்கு எதற்கு இன்சூரன்ஸ்? நான் இருபது வருடமாகக் குடிக்காமல் ஓடுகிறேன். இரவில் ஏ9இல் படுத்திருக்கும் மாட்டுக்கு, வீதியில் காயப் போட்ட நெல்லுக்கு, நெடுங்கேணிப் பக்கம் என்றால் யானைக்கு என்று எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து ஓடுகிறேன். நான் கட்டும் காசும் இவர் கட்டும் காசும் ஒரே பெட்டிக்குள். இவர் அடித்தால் என் காசில் இருந்து போகும். கொம்பனிகள் இப்படிப்பட்டவர்களை எடுக்கவே கூடாது. லைசன்ஸும் ஆறு மாதம் இல்லை, ஆயுளுக்கும்.

ஏஜன்ட் அண்ணை:
அப்படிப் பார்த்தால் வன்னியில் பாதி வாகனம் நிற்கும். கள்ளுத் தவறணைக்கு முன்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பாரும்.

கட்டாக்காலி:
நிற்கட்டும்! அதைத்தானே சொல்கிறேன்.

பாலைமரம்:
நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என் கணவர் விசுவமடுவில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் வந்து அடித்தது. ஓடி வந்த பெடியன் நல்ல வெறி. போரில் ஒரு கீறலும் இல்லாமல் தப்பி வந்த மனிதருக்கு அன்றைக்குக் கால் போனது. வழக்கு நடந்தது. அந்தப் பெடியனிடம் இன்சூரன்ஸ் இல்லை. ஏற்கனவே ஒருமுறை குடித்துப் பிடிபட்டவனாம், அதன் பிறகு அவன் புதுப்பிக்கவே இல்லை. அவனுடைய தாய் ஒருநாள் ஒரு சாக்கு அரிசியும் இரண்டு கோழியும் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு அழுதாள். எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கட்டாக்காலி, உங்களுக்கு இவரைத் தண்டிக்க வேண்டும், சரி. இன்சூரன்ஸ் கொடுக்காமல் விட்டால் தண்டனை இவருக்கா? இவர் எப்படியும் ஓடுவார். ஓடாமல் இருந்தவரை நான் இன்னும் காணவில்லை. தண்டனை சைக்கிளில் போகிறவருக்குத்தான். இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சட்டம் வைத்தது ஓடுகிறவரின் பட்டாவைத் திருத்தவா, அடிபட்டவரின் உயிருக்கும் உடம்புக்குமா? எவ்வளவு கூட்டிக் கேட்டாலும் கேட்கட்டும், கொடுக்காமல் மட்டும் விட வேண்டாம்.

பட்டாக்காரத் தம்பி, "ஆம்" என்று எழுதுங்கள்.

லூயிஷம் பெடியன்:
அக்கா சொன்னதுதான். பிரித்தானியாவில் கொம்பனிக்காரன் பொய் சொன்னவனுடைய காருக்கு ஒரு சதமும் கொடுக்கமாட்டான், ஆனால் இவன் அடித்த ஆளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். பிறகு பொய் சொன்னவனைத் துரத்தி அந்தக் காசை வாங்கலாம். 2012இல் வந்த சட்டம் ஒன்று இன்னொரு வித்தியாசமும் வைத்திருக்கிறது. கவனக் குறைவாகப் பிழையாக எழுதியவனுக்குக் கிளெய்மில் கொஞ்சம் வெட்டலாம். வேண்டுமென்று பொய் எழுதியவனுக்கு முழுவதையும் மறுக்கலாம்.

கட்டாக்காலி:
அக்கா, உங்களுக்கு நடந்தது பெரிய கொடுமை, அதற்கு மேல் என்னால் வாய் திறக்க முடியாது. ஆனால் என் கேள்வி இருக்கிறது. இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில்தானே சிலர் குடித்துவிட்டு ஏறுகிறார்கள்?

கனகராயன்:
இல்லை. குடித்துவிட்டு அடித்தால் தன் வாகனத்துக்குக் காசு வராது என்று பொலிசியில் (இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தில்) எழுதித்தான் இருக்கிறது. ஃபுல் என்றாலும் வராது. அதை எத்தனை பேர் வாசித்தார்கள் என்பது வேறு கதை. குடித்துவிட்டு ஏறுகிறவன் பொலிசியை நினைத்து ஏறுவதில்லை, தனக்கு வெறி இல்லை என்று நினைத்துத்தான் ஏறுகிறான். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பது எங்கள் வரம்பு, இங்கிலாந்திலும் அதேதான். ஸ்கொட்லாந்தில் 2014இல் 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். இங்கும் குறைக்க வேண்டும் என்பேன் நான், அதை இன்னொரு நாள் கதைப்போம்.

பட்டாக்காரன், ஒன்று கேட்கிறேன், உண்மை சொல்லும். இந்த நான்கு மாதத்தில் ஒருநாளும் வாகனத்தை நீர் எடுக்கவில்லையா?

பட்டாக்காரன்:
ஒருநாள். மச்சானுக்குக் காய்ச்சல். வயலில் நெல் மூட்டை நனையப் போகிறது என்று குளத்தடி மட்டும் எடுத்தேன். இரண்டு கிலோமீற்றர் இருக்காது. குடிக்கவில்லை, சத்தியமாக.

பாலைமரம்:
என் கணவருக்கு அடிபட்ட இடம் எங்கள் வீட்டுப் படலையில் இருந்து ஒரு கிலோமீற்றர்.

கனகராயன்:
அந்த இரண்டு கிலோமீற்றரும் உமக்கு இன்சூரன்ஸ் இருக்கவில்லை, அதை விளங்கிக்கொள்ளும். பொலிசி வாகனத்துக்குத்தான், உமது அனுமதியோடு யாரும் ஓடலாம், மச்சானும் ஓடலாம். ஆனால் ஓடுகிறவரிடம் செல்லுபடியாகும் லைசன்ஸ் இருக்க வேண்டும். இடைநிறுத்திய காலத்தில் ஒழுங்கைக்குள் எடுத்தாலும் ஒன்றுதான், கொழும்புக்குப் போனாலும் ஒன்றுதான். பிடித்தால் புது வழக்கு வேறு.

ஏஜன்ட் அண்ணை:
நெல் நனையும்போது சட்டம் பார்க்க முடியுமா? சும்மா பெடியனைப் போட்டு வறுக்காதீர்கள்.

கட்டாக்காலி:
அண்ணை, நீங்கள் தொழிலை விட்டது எவ்வளவு நல்லது!

பட்டாக்காரன்:
(ஒன்பது நாளுக்குப் பிறகு)
உறவுகளே, போய் வந்தேன். மனுசியையும் கூட்டிக்கொண்டு போனேன், ஏஜன்ட்டிடம் இல்லை, நேரே ஒஃபிஸுக்கு. "ஆம்" போட்டேன். தண்டம் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியைக் கேட்டார்கள், கொடுத்தேன். அந்தப் பிள்ளை படிவத்தை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், உள்ளே கொண்டு போனாள். கோப்பு கொழும்புக்குப் போனது உண்மைதான், ஆனால் நாலாம் நாள் அழைப்பு வந்தது. பிரீமியத்தில் மாற்றமில்லை. எக்சஸைத்தான் கூட்டிவிட்டார்கள்: லைசன்ஸ் திரும்பி வந்த பிறகு நான் ஓடி அடிபட்டால் முதல் 50,000 ரூபா என் கையில் இருந்து. கையெழுத்து வைத்தேன். மனுசி வரும் வழியில் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்தாள், கச்சான் வாங்கினாள், எனக்குத் தரவில்லை.

ஏஜன்ட் அண்ணை:
நான் சொன்னேன்தானே, இங்கே வழக்கைப் பார்த்துப் பிரீமியம் கூட்டமாட்டார்கள் என்று.

கனகராயன்:
நீங்கள் "இல்லை" போடச் சொன்னீர்கள்.

கட்டாக்காலி:
50,000 காணாது என்பதுதான் என் நிலைப்பாடு. இருந்தாலும் ஒளிக்காமல் எழுதியதற்கு ஒரு கை தட்டு.

பாலைமரம்:
தம்பி, சந்தோசம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டா புத்தகத்தில் லொறி என்றுதானே பதிவு? மச்சானின் லைசன்ஸில் சின்ன லொறி வகுப்பு இருக்கிறதா, இல்லை கார் வகுப்பு மட்டுமா?

பட்டாக்காரன்:
இப்போதுதான் அவனுக்கு எடுத்துக் கேட்டேன் அக்கா. லைசன்ஸை வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறான்.