வறண்ட பள்ளத்தில் மகளுடன் நடக்கலாமா?

பவானிக்கரை:
வணக்கம். சத்தியமங்கலத்துக்கு வடக்கே, மலையடிவாரத்தில் எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு பள்ளம் இறங்குகிறது. ஐப்பசியில் கரைபுரண்டு ஓடும் அது, பங்குனியில் வெறும் மணலும் பாறையுமாகக் கிடக்கும். சென்ற ஆண்டு 14 வயது மகளுடன் அதன் வழியே ஒரு மணி நேரம் மேல்நோக்கி நடந்தேன். வீட்டில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, இருபுறமும் பாறை ஆளுயரத்துக்கு மேல் எழ எழ, ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி இருந்தது. அடியில் ஒரு சொம்பளவு தண்ணீர் ஊறி நின்றது. "இதாரும்மா வெட்டுனது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அதன் அருகிலேயே அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். இந்தப் பங்குனியில் பள்ளம் தொடங்கும் இடம் வரை போக வேண்டும் என்கிறாள். என்ன முன்னேற்பாடு வேண்டும்?

தாளவாடிக்காரன்:
சகோதரி, அது யானை தோண்டிய ஊற்று. ஓடை வற்றினாலும் மணலுக்கு அடியில் நீர் இருக்கும். யானை முன்காலால் மணலைத் தள்ளி, துதிக்கையால் வாரி, ஊறும் வரை காத்திருந்து குடிக்கும். அது போன பிறகு மானும் பன்றியும் அதே குழிக்கு வரும், அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். பாறை இடுக்கில் யானை எதிர்ப்பட்டால் கரையேற வழி இராது. மேலும், அங்கே மேலே போகப் போகப் புலிகள் காப்பகம். அனுமதியின்றி நுழைவது குற்றம். தயவுசெய்து போகாதீர்கள்.

சென்னிமலை:
பங்குனி காட்டுத்தீக் காலமும்கூட. சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். ஒடுங்கிய பள்ளம் புகைபோக்கியைப் போல அனலை இழுத்துக்கொள்ளும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேறப் போய்த் தீயில் சிக்கியவர்களில் நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தவரும் இருந்தார்கள் என்பதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

நொய்யல்வாசி:
ஆனால் பிள்ளையின் ஆர்வத்தை அணைத்துவிடாதீர்கள். ஊரை ஒட்டிய கீழ்ப்பகுதியில், நன்றாக விடிந்த பிறகு நடக்கத் தொடங்கி, பாறை சூடேறுவதற்குள் திரும்பிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். மலைமேல் இடி கேட்டால் உடனே கரையேறுங்கள். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த கோடை மழை வெள்ளமாக வந்துவிடும். மலையேற விரும்பினால், தீக்காலம் முடிந்ததும் வனத்துறை வழிகாட்டியுடன் அனுமதிக்கும் தடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பவானிக்கரை:
அனைவருக்கும் நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். அன்று எடுத்த படத்தைத் தேடிப் பெரிதாக்கினாள். குழியின் விளிம்பில் முறத்தளவு வட்டத் தடம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்த ஆண்டு கீழ்ப்பகுதியில் மட்டுமே நடப்பதாக இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.