ஒரே மருந்து, வெவ்வேறு முடிவுகள்: மலேரியா சிகிச்சை அனுபவங்கள்

செவிலியர் ஒருவர்:
காய்ச்சல் வார்டில் நெடுங்காலம் பணியாற்றியவள் நான். ஒரே மாத்திரையை ஒரே அளவில் வாங்கிச் சென்ற இருவரில் ஒருவர் முழுமையாகத் தேறுவதும், மற்றவர் மாதம் திரும்புவதற்குள் நடுக்கத்தோடு வந்து நிற்பதும் எனக்குப் பழகிப்போன காட்சி. அப்படித் திரும்பி வந்த ஓர் இளைஞரிடம் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெரியவர்களுக்கான 24 மாத்திரைகளில் மூன்றாம் நாளுக்குரிய எட்டும் பிரிக்கப்படாமல் இருந்தன. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் உதவட்டும் என்று எடுத்து வைத்தாராம்! ஆர்டிமெதர், லுமிபான்ட்ரின் இரண்டும் சேர்ந்த அந்த மருந்தில், ஆர்டிமெதர் மலேரியா ஒட்டுண்ணிகளை மிக வேகமாகக் குறைத்துவிடுவதால் இரண்டாம் நாளே உடம்பு சரியாகிவிட்டதுபோல் தோன்றும்; எஞ்சியவற்றைத் தீர்த்துக்கட்டுவது, உடலில் பல நாள் தங்கி வேலை செய்யும் லுமிபான்ட்ரின்தான். அதுவும் கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் இரத்தத்தில் போதிய அளவு சேரும். வாய்க்கசப்பினால் வெறும் வயிற்றில் விழுங்குகிறவர்களுக்கும், விழுங்கிய சற்று நேரத்தில் வாந்தியெடுத்துவிட்டு அந்த வேளையை மீண்டும் எடுக்காதவர்களுக்கும், கணக்கில் ஆறு வேளையும் முடிந்திருந்தாலும் உடலுக்குள் முழு மருந்து போயிருக்காது.

வைவாக்ஸ் மலேரியாவால் பாதிக்கப்பட்டவர்:
செவிலியர் அம்மா சொல்வது சரியே. ஆனாலும் திரும்பி வரும் ஒவ்வொரு காய்ச்சலையும் நோயாளியின் தலையில் கட்டிவிட முடியாது. குளோரோகுயின் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்ட எனக்குச் சில மாதங்கள் கழித்து அதே காய்ச்சல் வந்தது. மலேரியா வகைகளில் ஒன்றான வைவாக்ஸை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடக்கும் என்பதும், குளோரோகுயின் அதைத் தொடாது என்பதும், பிரைமாகுயின் போன்ற வேறொரு மருந்தால்தான் அதை ஒழிக்க முடியும் என்பதும் இரண்டாவது முறை படுத்தபோதுதான் எனக்குச் சொல்லப்பட்டன. பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு பிரைமாகுயின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும் என்பதால் முதலில் அதற்கான பரிசோதனை செய்ய வேண்டும். முதல் முறை நான் சென்ற இடத்தில் அந்த வசதி இல்லாததால் மருந்தையே தராமல் விட்டிருக்கிறார்கள். மேலும், பிரைமாகுயினைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதி சிலருக்கு மந்தமாக இருக்குமாம். அவர்கள் பதினான்கு நாளும் ஒழுங்காக விழுங்கினாலும் பலன் குறையலாம்.

ஆய்வக நுட்புநர்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மற்றொரு வகையான ஃபால்சிபாரம் மலேரியா குணமான பிறகும் சில வாரங்கள் வரை விரைவுப் பரிசோதனை அட்டையில், நோய் இருப்பதாக இரண்டு கோடு காட்டலாம். இறந்த ஒட்டுண்ணி விட்டுச்சென்ற புரதத்தையே அது காண்கிறது. அதைப் பார்த்துவிட்டு மருந்து தோற்றுவிட்டதாக முடிவு செய்யாமல் கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கிய மூன்றாம் நாளும் பூச்சில் ஒட்டுண்ணி தெரிந்தால் அது வேறு கதை. கம்போடியாவில் ஆர்டிமிசினின் வகை மருந்துகளுக்கு (ஆர்டிமெதரும் இவ்வகையே) ஒட்டுண்ணியின் எதிர்ப்பு தலைகாட்டியதை இப்படி மெதுவாக மறையும் ஒட்டுண்ணிகளை வைத்தே அறிந்தார்கள்.

மருத்துவர் ஒருவர்:
கடுமையான மலேரியாவில் எல்லாவற்றையும்விட முன்னால் நிற்பது காலம்தான். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்து 2010ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வில், பழைய மருந்தான குயினைன் பெற்றவர்களில் 10.9 விழுக்காட்டினர் இறந்தனர். ஆர்டிசுனேட் ஊசி அதை 8.5 ஆகக் குறைத்தது. நல்ல முன்னேற்றம் என்றாலும், சிறந்த மருந்து கிடைத்தும் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. நான் பார்த்தவரை, நினைவிழந்து, இரத்தச் சர்க்கரை சரிந்த நிலையில் தூக்கி வரப்படும் குழந்தைகளே அதிகம் தவறிவிடுகின்றனர். பிழைத்து எழுந்தவர்களுக்கும் ஊசியோடு சிகிச்சை முடிவதில்லை: மூன்று நாள் கூட்டு மாத்திரையை முழுமையாகத் தர வேண்டும், சிலருக்குப் பின்னர் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை வருவதால், வீடு திரும்பிய பிறகும் நான்கு வாரங்கள் வரை ஹீமோகுளோபினைக் கவனித்து வர வேண்டும்.