இங்கிலாந்தின் லெஸ்டரில் தம்பிக்கு ஜப்தி கட்டணம் 310 பவுண்டு, எதிர்க்க முடியுமா?

காட்பாடியிலிருந்து கேட்கிறேன். தம்பியின் கவுன்சில் டாக்ஸ் (அங்குள்ள உள்ளாட்சி வீட்டு வரி) பாக்கி 640 பவுண்டு. பெய்லிஃப் (ஜப்தி செய்ய வரும் ஆள்) வந்துபோன பிறகு 950 கேட்கிறார்கள். முதல் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போயிருக்கு.

பதில் 1: அண்ணே, 2014 கட்டண விதிப்படி கேஸ் பெய்லிஃபிடம் போனதும் 75, நேரில் வந்தால் 235. கூட்டினால் அதே 310. 1,500க்கு மேற்பட்ட பாக்கிக்குத்தான் கூடுதலாக 7.5 சதவீதம். ஆக, தொகையில் தப்பில்லை, நோட்டீஸைப் பிடியுங்கள். நோட்டீஸ் அனுப்பிய நாளும் பெய்லிஃப் வந்த நாளும் சேராமல் முழுசாக 7 நாள் இருக்கணும், ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் வராது. தேதியும் முகவரியும் உள்ள நகலை எழுத்தில் கேளுங்கள். வீடு மாறியதைக் கவுன்சிலுக்கு முன்பே சொன்ன மெயில் இருந்தால் 235ஐ எதிர்க்க வலு உண்டு. புகார் பெய்லிஃப் கம்பெனிக்கு மட்டுமல்ல, கவுன்சிலுக்கும் போகணும்; பொறுப்பு கவுன்சிலுடையது.

பதில் 2: புகாருக்குப் பதில் வரும்வரை பெய்லிஃபுக்குக் கதவைத் திறக்க வேண்டாம். கவுன்சில் டாக்ஸுக்குப் பூட்டை உடைத்து முதல்முறை நுழைய முடியாது. கார் இருந்தால் தெருவில் விடாதீர்கள், அதன் சக்கரத்தைத்தான் முதலில் பூட்டுவார்கள்.

பதில் 3: தம்பி படிக்கிறவரா? வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் வரியே கிடையாது. யுனிவர்சிட்டி சான்றிதழை அனுப்பி, பாக்கியையே ரத்து செய்யக் கேளுங்கள். படிப்பு முடிந்த தேதிக்குப் பிந்தைய மாதங்களுக்கு இது செல்லாது.