ட்ரையரில் வந்த சத்தம், நாங்களே பிரித்துப் பார்த்தோம்

தண்டையார்பேட்டையிலிருந்து:

எங்க வீட்டில் இருப்பது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின். வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. துவைக்கிற பக்கம் இதுவரை ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. துணி பிழிகிற ட்ரையர் பக்கம்தான் போன ஐப்பசியில் உறும ஆரம்பித்தது. பத்தே நாளில், கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்து "இன்னாம்மா, வீட்ல மாவு மில்லு எதுனா வெச்சிக்கிறியா?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது.

மழைக்காலத்தில் ட்ரையர் இல்லாமல் எங்களுக்கு ஒரு நாளும் ஓடாது. கடல் பக்கம் என்பதால் கொடியில் மூன்று நாள் கிடந்தாலும் பிள்ளைகளின் யூனிஃபார்ம் இடுப்புப் பட்டியில் ஈரம் நிற்கும். வந்த மெக்கானிக் பின்பக்க மூடியைக்கூடக் கழற்றவில்லை. நின்ற இடத்திலேயே "மோட்டார் போச்சு" என்றார். 2,200 ரூபாய் கேட்டார்.

என் மாமனார் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணில் புரை, கையில் நடுக்கம், ஸ்பேனர் பிடிக்க முடியாது. காது மட்டும் அப்படியே இருக்கிறது. "பிரிக்கிறதுக்கு முன்னாடி அது இன்னா சொல்லுதுன்னு கேளும்மா" என்றார். ஸ்டூலைப் போட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

முதலில் துணியே போடாமல் ஓடவிட்டோம். ட்ரையர் மோட்டார் நிமிஷத்துக்கு 1,300, 1,400 சுற்று சுற்றும். ஈரத் துண்டு ஒரு பக்கமாக ஒதுங்கினால் அந்தக் கனம் செகண்டுக்கு இருபது தடவைக்கு மேல் டப்பைத் தள்ளும். தடதடப்பு வருவது அதனால்தான். எங்களுடையது காலி டப்பிலும் அதே சத்தம் போட்டது. துணி அடுக்கியதில் தப்பில்லை என்று தெரிந்தது. டப்பைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூ உரசினால் கீச்சென்று இழுக்கும், ரப்பர் கருகுகிற வாடை வரும். அதுவும் இல்லை. அப்புறம் மூடியைத் திறக்காமலே பிளக் ஸ்விட்சை அணைக்கச் சொன்னார். டப் தானாகச் சுற்றி மெதுவாக நின்றது. சத்தமும் அதோடு சேர்ந்தே மெல்லத் தணிந்தது. "பாத்தியா, கரண்டு போனப்புறமும் கத்துது. காயில்ல கொறை இல்ல. சுத்துற எடத்துல கொறை. புஷ்ஷு காஞ்சிருக்கு." காயில் என்பது மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள், புஷ் என்பது மோட்டாரின் தண்டைத் தாங்குகிற வளையம். மெக்கானிக் கேட்டிருக்க வேண்டிய சத்தம் இது.

பிளக்கைப் பிடுங்கி, மெஷினைத் திருப்பி, பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். வயர்களை முதலில் போனில் படம் எடுத்துக்கொண்டேன். மோட்டாரோடு இணைந்த கண்டன்சரை (மின்தேக்கி) மட்டும் அலட்சியமாகத் தொடாதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும். ஒரு குண்டு பல்பு ஹோல்டரின் இரண்டு வயரையும் அதன் இரண்டு முனையில் வைத்து, இருந்ததை இறக்கிய பிறகுதான் உள்ளே கைவிட மாமா அனுமதித்தார்.

மோட்டார் தலையில் செம்பழுப்பாகத் துருப்பொடி, ஓரமாக வெள்ளை உப்புக் கோடு. தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டுக் கையால் சுற்றிவிட்டு மூடினேன். சத்தமே இல்லை! அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பதினெட்டு நாளில் அதே கரகரப்பு.

"மோட்டார் மேல துரு எப்பிடி வரும்? தண்ணி எங்கேர்ந்து சொட்டுதுன்னு நாம பாக்கவே இல்லியே" என்று மாமா தன்னையே நொந்துகொண்டார். இந்த வரிக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். சத்தம் மோட்டாரில் கேட்கும், கோளாறு அதற்கு மேலே இருக்கும். வெளி டப்பின் அடியில் ஷாஃப்ட், அதாவது டப்பைச் சுற்றுகிற தண்டு, நுழைகிற இடத்தில் ரப்பர் சீல் ஒன்று உண்டு. கடையில் பெல்லோஸ் என்பார்கள். அது கிழிந்தால், பிழிந்த தண்ணீர் குழாய் வழியாக முழுசாகப் போகாமல் சொட்டுச் சொட்டாக மோட்டார் மேல் விழும். எண்ணெய் கழுவிக்கொண்டு போகும், புஷ் துருப்பிடிக்கும். அன்று 2,200 கொடுத்துப் புது மோட்டார் போட்டிருந்தாலும் அதன் தலையிலும் இதே தண்ணீர்தான் விழுந்திருக்கும்.

மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கிற கப்ளிங்கில் இருந்த இரண்டு போல்ட்டும் துருவில் இறுகிக் கிடந்தன. ராத்திரி தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் லாக் நட்டைத் தளர்த்தியதும் வழிவிட்டன. மேலேயிருந்து டப்பை ஆட்டி ஆட்டித் தூக்கினால் ஷாஃப்ட்டோடு வருகிறது. சீலின் உதடு அரை வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. அதைச் சுற்றி முடியும் நூலும் போர் தண்ணீர் உப்பும் கெட்டியாக அடைந்திருந்தன. சீல் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பழசைக் கையோடு எடுத்துப் போங்கள். எனக்கு 90 ரூபாய். மோட்டாரைக் காயில் கட்டுகிற கடையில் கொடுத்து இரண்டு புஷ்ஷும் மாற்ற 350.

திரும்பப் பூட்டும்போது ஒரு தப்பு செய்தேன். ஷாஃப்ட்டில் போல்ட் உட்கார ஒரு பள்ளம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் முறுக்கிவிட்டேன். டப் கோணலாக ஆடியது. மறுபடி தளர்த்தி, பள்ளத்துக்கு நேராக வைத்து இறுக்கியதும் சரியாகிவிட்டது.

ராயபுரத்திலிருந்து:

எங்களுக்கு வந்தது 'டிக் டிக்' சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். உள் டப்புக்கும் வெளி டப்புக்கும் நடுவில் ஒரு ஐந்து ரூபாய் நாணயமும் ஜாக்கெட் ஊக்கு ஒன்றும் கிடந்தன. துணிமேல் வைத்து அமுக்குகிற தட்டை நாங்கள் வைப்பதே இல்லை, அந்த வழியாகத்தான் விழுந்திருக்கிறது. இப்போது வீட்டுக்காரர் லுங்கி மடிப்பைக்கூட உதறிப் பார்த்துத்தான் போடுகிறேன்.

எண்ணூரிலிருந்து:

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்க வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். மெஷினை நகர்த்தக்கூட நேரம் கிடைக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஸ்விட்சைப் போடாமல் மோட்டாரைக் கழற்றிக் காயில் கடைக்குக் கொண்டுபோனதால் மோட்டார் பிழைத்தது. ஆனால் ஆறு மாதம் கழித்து டப் சுவரில் மோதுகிற மாதிரி 'டமார் டமார்'. மோட்டாரைத் தாங்குகிற மூன்று ஸ்பிரிங்கில் ஒன்று துருப்பிடித்து ஒடிந்திருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினேன், சாய்வு போகவில்லை. மூன்றையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் நேராக நின்றது. தண்டையார்பேட்டை சகோதரி, சீல் மாற்றியபின் ஒழுகவில்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்?

வியாசர்பாடியிலிருந்து:

ஒரு எச்சரிக்கை. எங்க வீட்டில் ட்ரையர் கீச்சிட்டபோது வந்தவர் பிரேக் ஷூவையே கழற்றிவிட்டு, மூடி ஸ்விட்சின் இரண்டு வயரையும் நேராக முறுக்கி இணைத்துவிட்டுப் போனார். சத்தம் நின்றது. இரண்டு நாள் கழித்து என் ஆறு வயது மகள் மூடியைத் திறந்திருக்கிறாள், டப் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கையை விடுவதற்குள் பார்த்துவிட்டேன், இன்னும் உடம்பு நடுங்குகிறது. மூடியைத் திறந்தால் கரண்ட் அறுந்து, பிரேக் பிடித்துச் சில நொடிகளில் டப் நிற்க வேண்டும். கீச்சென்ற சத்தத்துக்குக் காரணம் வயர் தொய்ந்து, மூடி மூடியிருந்தும் ஷூ முழுதாக விலகாததுதான். ஷூவைத் திரும்பப் பூட்டி, வயரைக் கொஞ்சம் இழுத்துக் கட்டியதும் சரியானது. ஐந்து நிமிட வேலை. தயவுசெய்து யாரையும் அந்த ஸ்விட்சில் கைவைக்க விடாதீர்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எண்ணூர் அண்ணா, பின்பக்க மூடியைப் பூட்டுவதற்கு முன் மோட்டாருக்கு அடியில் தினத்தாள் விரித்தோம். பிளக் போடாமலே ட்ரையருக்குள் ஆறு மக் தண்ணீர், ஒவ்வொன்றாக. மாமா குனிந்து காகிதத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்தும் அவர் விரலில் மை மட்டும்தான் ஒட்டியிருந்தது.